வீட்டில் பிரேக் வேலை பார்த்த பிறகு வரும் கோளாறுகள்: எங்கே, எந்த வரிசையில் தேடுவது

முன் சக்கரங்களின் பிரேக் பேடுகளை வீட்டு வாசலிலேயே மாற்றி, சக்கரங்களைப் பூட்டி, ஜாக்கை இறக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை அழுத்துகிறீர்கள். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரையைத் தொட்டுவிடுகிறது. முதன்முறை இந்த வேலையைச் செய்பவர்களில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. பெரும்பாலும் இது கோளாறே அல்ல. ஆனால் இதே அறிகுறி உயிருக்கு ஆபத்தான கோளாறின் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதால், இரண்டையும் பிரித்தறியும் முறையை வண்டியை வாசலைவிட்டு நகர்த்துவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஆல்டோ, வேகன்ஆர், ஐ10 போன்று முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், நடுவில் வேக்கம் பூஸ்டர் (வெற்றிடத்தின் உதவியால் கால் விசையைப் பெருக்கும் பாகம்) கொண்ட சிறிய கார்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மற்றக் கார்களில் விவரங்கள் மாறலாம்; தேடும் முறை மாறாது.

அந்த முறையின் அடிப்படை எளிமையானது. வேலைக்கு முன் இல்லாத குறை வேலைக்குப் பின் வந்திருந்தால், அது கை பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். பலர் இதை மறந்து, அடுத்த நாளே புதிய மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) வாங்கக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு தாளை எடுத்து, நீங்கள் கழற்றியவை, திறந்தவை, தள்ளியவை, தடவியவை அனைத்தையும் எழுதிப் பாருங்கள். முக்கியமாக, பிரேக் ஆயில் ஓடும் பாதையை எங்காவது திறந்தீர்களா என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள். தேடல் இரண்டாகப் பிரிவது அந்த ஒரு விடையால்தான்.

முதலில் செய்ய வேண்டியவை

வண்டி சமதரையில் நிற்கட்டும். தூக்கப்படாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடக்கூடாது. உறுதியான ஸ்டாண்டை உரிய இடத்தில் வைத்து அதன்மேல் வண்டியை இறக்கிய பிறகே வேலை செய்ய வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் ஓரமாகச் சாய்த்து வைக்காமல் வண்டியின் அடிப்பகுதிக்குக் கீழே படுக்க வைத்தால், ஸ்டாண்ட் சறுக்கினாலும் வண்டி உடலின்மேல் விழாது.

பேடு மாற்றும்போது புதிய தடித்த பேடுகளுக்கு இடம் கொடுக்க, பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிபரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அந்தப் பிஸ்டன் மீண்டும் வெளியே வந்து பேடை டிஸ்க்கோடு சேர்க்கும்வரை பெடலுக்கு எதிர்ப்பு கிடைக்காது. எஞ்சினை இயக்காமலேயே, பெடலைப் பாதித் தூரம் மட்டும் மெதுவாகவும் சீராகவும் அழுத்தி விடுங்கள். பத்துப் பதினைந்து முறைக்குள் பெடல் மேலே வந்து கெட்டிப்பட்டுவிட்டால் அதுவரை நடந்தது இயல்பானதே. பிறகு ஆயில் டப்பாவில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பத்து அழுத்தல்களை மறந்துவிட்டு வண்டியைப் பின்னோக்கி எடுத்தவர்கள், சுவரிலோ அடுத்த வீட்டு வண்டியிலோ இடித்த பிறகுதான் காரணத்தை உணர்கிறார்கள்.

பத்துப் பதினைந்து அழுத்தலுக்குப் பிறகும் பெடல் சரியாகவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். தெருமுனைவரை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். இனி செய்யப்போகும் சோதனைகள் பெரும்பாலும் நிற்கும் வண்டியிலேயே செய்யக்கூடியவை.

பெடல் எப்படிப் பேசுகிறது

கோளாறை முதலில் உணர்வது கால்தான். பஞ்சுபோல் அமுங்கி மீள்வது, தாழ்வாக இருந்தாலும் கெட்டியாக நிற்பது, அழுத்தியபடியே வைத்திருந்தால் மெதுவாகக் கீழே இறங்குவது, கல்போல் இறுகி நிற்பது என்ற நான்கும் நான்கு வெவ்வேறு காரணங்களைக் காட்டுகின்றன. இவற்றைப் பிரித்து உணராமல் ‘பிரேக் சரியில்லை’ என்று மட்டும் பட்டறையில் சொன்னால், தேவையற்ற பாகங்களுக்குப் பணம் கொடுக்க நேரிடும்.

பஞ்சுபோல் அமுங்கும் பெடல் என்றால் பைப்புக்குள் காற்று இருக்கிறது என்பது பொதுவான முடிவு. பிரேக் ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்குவதில்லை, காற்று சுருங்கிவிடும். உங்கள் காலின் விசையில் ஒரு பகுதி அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. ஆனால் இங்கேதான் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். பேடுகளை மட்டும் மாற்றியிருந்து, ஹோஸையோ, காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகான நிப்பிளையோ திறக்காமலும், டப்பா காலியாகாமலும் இருந்தால், காற்று நுழைய வழியே இல்லை. அப்போது மணிக்கணக்கில் ஏர் எடுத்துக்கொண்டிருப்பது (பைப்பிலுள்ள காற்றை வெளியேற்றுவது) வீண் வேலை. பேடு தன் இடத்தில் சரியாக உட்காராமல் பிராக்கெட்டின் விளிம்பில் ஏறி நிற்கலாம். பேடுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு வளைந்திருக்கலாம். காலிபர் நகர வேண்டிய பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். இவை ஒவ்வொன்றிலும் பெடலை அழுத்தும்போது ஏதோ ஒன்று வில்போல் வளைந்து கொடுக்கும். கால் அதையும் பஞ்சு என்றே உணரும். சக்கரத்தைக் கழற்றி, உதவிக்கு ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டுக் காலிபரைக் கண்ணால் பாருங்கள். அது கோணலாகச் சாய்ந்தாலோ, ஒரு பேடு மட்டும் நகர்ந்து மற்றது அசையாமல் இருந்தாலோ, இடம் தெரிந்துவிட்டது.

பேடுகளைத் திருப்பிப் போடுவதும் நடக்கிறது. உராயும் பகுதி டிஸ்க்கைப் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் இரும்புத் தகட்டை உட்புறமாகப் போட்டவர்கள் உண்டு. பல வண்டிகளில் உள் பேடும் வெளி பேடும் ஒன்றல்ல. தேய்மானத்தை ஒலியால் அறிவிக்கும் சிறு நாக்கு ஒன்றில் மட்டும் இருக்கும், அது எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். ஆகவேதான் ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும் என்று புதியவர்களிடம் எப்போதும் வற்புறுத்துகிறேன். தொடாத பக்கம் கண்முன் இருக்கும் மாதிரியாக நிற்கும். டிரம் பிரேக்கில் எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பதை நினைவிலிருந்து எடுக்க எவராலும் இயலாது.

காற்று உண்மையிலேயே நுழைந்திருந்தால்

ஹோஸ், காலிபர், வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் பிரேக் ஷூக்களை வெளியே தள்ளும் பாகம்), மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை மாற்றியிருந்தாலும், பிஸ்டனைத் தள்ளுவதற்காக நிப்பிளைத் திறந்திருந்தாலும், ஏர் எடுத்தே ஆக வேண்டும். எளிதாகத் தவறவிடும் ஒரு நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். பின்சக்கர டிரம்மைக் கழற்றி வைத்திருக்கும்போது வீட்டில் யாராவது பெடலை ஒருமுறை அழுத்திவிட்டால், வீல் சிலிண்டரின் பிஸ்டன் தடுப்பின்றி வெளியே வந்துவிடும். அதை மீண்டும் உள்ளே தள்ளிவிடுவதோடு காரியம் முடிவதில்லை. காற்று புகுந்திருக்கும், ரப்பர் சீலும் மடிந்திருக்கலாம்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது புதிய பிரேக் ஆயில் ஊற்றிய கண்ணாடிப் புட்டிக்குள் மூழ்கும்படி விடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். குமிழியும் ஆயிலும் வெளியே வரும், பெடல் கீழே போகும். நிப்பிளை மூடிய பிறகே பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை ஒருமுறை தவறினாலும், வெளியே போன காற்று திரும்பவும் உள்ளே உறிஞ்சப்படும். அதனால் ‘அழுத்து’, ‘விடு’ என்ற இரண்டு சொற்களை மட்டும் இருவரும் உரக்கச் சொல்லிக்கொள்வது நல்லது. ஐந்தாறு அழுத்தலுக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். டப்பா ஒருமுறை வற்றினால் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குவது பொதுவான வழக்கம். ஓட்டுநர் வலப்பக்கம் அமரும் நம் வண்டிகளில் அது பெரும்பாலும் இடப் பின்சக்கரம். அதன்பின் வலப் பின்சக்கரம், இட முன்சக்கரம், வல முன்சக்கரம் என்று வர வேண்டும். ஆனால் முன்சக்கர இயக்கம் கொண்ட பல கார்களில் பிரேக் பைப்புகள் ஒரு முன்சக்கரத்தையும் அதற்குக் குறுக்கே உள்ள பின்சக்கரத்தையும் இணைத்து இரண்டு தனிப் பாதைகளாகச் செல்கின்றன. அவற்றில் சில தயாரிப்பாளர்கள் வேறு வரிசையைச் சொல்கிறார்கள். கையேடு சொல்வதே முடிவு. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள சில வண்டிகளில் அதன் அறைக்குள் காற்று மாட்டிக்கொண்டால், ஸ்கேனர் கருவியைக் கொண்டு வால்வுகளை இயக்கினால்தான் அது வெளியேறும். அங்கே வீட்டு முயற்சியை நிறுத்திவிட வேண்டும்.

பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அன்றாட ஓட்டத்தில் மேல் பகுதியில் மட்டும் நகர்ந்து பழகியிருக்கும்; அது எட்டாத கீழ்ப் பகுதியில் துருவும் கசடும் சேர்ந்திருக்கும். ரப்பர் சீல் அந்த இடத்தில் உரசிக் கிழிந்தால், நன்றாக இருந்த சிலிண்டர் உங்கள் வேலையாலேயே கெட்டுப்போகும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்தச் சேதம் நேராது.

என் சொந்த வண்டியில் இரண்டு முன் காலிபர்களையும் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டிய அன்று, மாலைவரை ஏர் எடுத்தும் பெடல் கெட்டிப்படவே இல்லை. ஒரு புட்டி ஆயில் முழுவதும் தீர்ந்த பிறகு, காலிபரைத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் நிப்பிள் கீழ்ப்புறத்தில் இருப்பது தெரிந்தது. இடக் காலிபரை வலத்திலும் வலக் காலிபரை இடத்திலும் மாட்டியிருந்தேன். பல வண்டிகளில் இரண்டும் போல்ட்டுக்குச் சரியாகவே பொருந்திவிடும், அதுதான் இதில் உள்ள ஆபத்து. காற்று எப்போதும் மேலேதான் தங்கும். நிப்பிள் கீழே இருந்தால் ஆயில் மட்டுமே வெளியேறும், எத்தனை முறை அழுத்தினாலும் காற்று இருந்த இடத்திலேயே இருக்கும். நிப்பிள் காலிபரின் உச்சியில் இருக்கிறதா என்பதை, குழாயை மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

தாழ்வான பெடல், இறங்கும் பெடல், இறுகிய பெடல்

பெடல் கெட்டியாக இருந்தும் மிகக் கீழே வந்துதான் பிடிக்கிறது என்றால், பின்னால் உள்ள பிரேக் ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி மிகுதியாக இருப்பதே முதல் சந்தேகம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துக்கொண்டு பெடலை அழுத்திப் பாருங்கள். உடனே பெடல் உயர்ந்துவிட்டால், குறை பின்சக்கர அட்ஜஸ்ட்மெண்டில்தான். ஷூ மாற்றியவர்கள் செய்யும் வழக்கமான தவறு, முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் ஷூ தன் ஓய்வு நிலைக்குத் திரும்பாது, தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பும் ஒழுங்காக வேலை செய்யாது. கேபிளை முழுவதும் தளர்த்திவிட்டு, டிரம் லேசாக உரசியபடி உள்ளே போகும் அளவுக்கு ஷூவைச் சரிசெய்து, பெடலைப் பல முறை அழுத்தி ஷூக்களை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கடைசியில்தான் கேபிளை இறுக்க வேண்டும்.

பெடலை ஒரே விசையோடு அழுத்தியபடி ஒரு நிமிடம் வைத்திருக்கும்போது அது மெதுவாகத் தரையை நோக்கி இறங்கினால், ஆயில் எங்கோ தப்பிக்கிறது என்று பொருள். முதலில் வெளிக் கசிவைத் தேடுங்கள். நீங்கள் கழற்றிப் பூட்டிய ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் வெள்ளைத் தாளை வைத்து, உதவியாளரைப் பெடலை அழுத்தச் சொன்னால் ஒரு துளிகூடத் தெரிந்துவிடும். ஹோஸைக் காலிபரோடு பிணைக்கும் துளையுள்ள போல்ட்டின் இருபுறமும் செம்பு வாஷர் உண்டு. இறுக்கும்போது நசுங்கி அடைத்துக்கொள்வதற்காகவே செய்யப்பட்ட மெல்லிய வாஷர் அது. ஏற்கெனவே நசுங்கியதைத் திரும்பப் போட்டால் கசிவு வரும். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் போல்ட் முறியும். சில ரூபாய் விலையுள்ள புதிய வாஷர்கள் இரண்டையும் போடுவதே தீர்வு. டிரம் பக்கத்தில், வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. வெளியே எங்கும் கசிவில்லை, டப்பாவிலும் அளவு குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சீலைத் தாண்டி ஆயில் பின்னோக்கி நழுவுகிறது. மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டிய நேரம் அதுவே.

பெடல் கல்போல் இறுகி, வண்டியும் நிற்க மறுத்தால், பூஸ்டருக்கு வரும் வேக்கம் ஹோஸை வேலையின்போது கழற்றி மாட்ட மறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை அழுத்தி மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, பெடலை அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். பெடல் சற்றே கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அப்படி இறங்கியும் வண்டி சரியாக நிற்கவில்லை என்றால் குறை சக்கரத்தில் இருக்கிறது: பேடில் கிரீஸ் பட்டிருக்கும், அல்லது புதிய டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமலிருக்கத் தடவப்பட்டிருந்த எண்ணெய்ப் பூச்சை நீக்காமலேயே மாட்டியிருப்பீர்கள். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம். கிரீஸ் ஊறிய பேடு மட்டும் எத்தனை முறை உப்புத்தாளால் தேய்த்தாலும் தேறாது. அந்தச் சக்கரத்துக்கு மட்டுமன்றி, இருபக்கத்துக்கும் சேர்த்துப் புதிய பேடு போடுங்கள்.

பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டால்

வண்டி இழுக்க மறுப்பது, மைலேஜ் குறைவது, ஒரு சக்கரத்தின் அருகே கருகல் வாடை வீசுவது ஆகியவை பிரேக் ஜாம் ஆவதன் அறிகுறிகள். ஜாம் ஆன சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்ற முடியாத நிலையில் அதன் நிப்பிளைச் சிறிது திறந்து பாருங்கள். ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால், பைப்புக்குள் அழுத்தம் சிறைப்பட்டிருந்தது என்று பொருள். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் சுற்றவில்லை என்றால், குறை முழுக்க இயந்திர வகையைச் சேர்ந்தது: பேடு தன் பள்ளத்தில் துருவோடு இறுகியிருக்கும், காலிபர் பின் நகராது, பிஸ்டன் கோணலாக மாட்டியிருக்கும், பின்சக்கரமானால் ஹேண்ட் பிரேக் கேபிள் மிகையாக இழுக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் காலிபரை மாற்றுவது பணத்தை வீணடிப்பது.

அழுத்தம் சிறைப்பட்டிருந்தால் அடுத்த கேள்வி, ஒரு சக்கரத்திலா, எல்லாச் சக்கரங்களிலுமா என்பது. ஒன்றில் மட்டும் என்றால் அந்தச் சக்கரத்தின் ரப்பர் ஹோஸைச் சந்தேகியுங்கள். பேடு மாற்றும்போது காலிபரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடாமல், அதன் முழுப் பாரமும் ஹோஸில் தொங்கும்படி விட்டிருந்தால், வயதான ஹோஸின் உட்சுவர் உரிந்து ஒருவழி வால்வுபோல் நடந்துகொள்ளும்: கால் விசையால் ஆயில் உள்ளே போகும், திரும்பி வராது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும். ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். எல்லாச் சக்கரங்களும் ஒருசேர ஜாம் ஆகி, வண்டி ஓட ஓட அது கூடிக்கொண்டே போனால் பெடல் பக்கம் திரும்ப வேண்டும். மாஸ்டர் சிலிண்டரையோ பூஸ்டரையோ மாற்றியவர்கள், இடையில் உள்ள தள்ளுகம்பி நீளமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பிஸ்டனை முழுவதும் பின்னால் வர விடாமல் தடுத்தால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும், சூட்டில் விரியும் ஆயில் தப்ப வழியின்றிப் பேடுகளை அழுத்தும். மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைக்கும் நட்டுகளைச் சற்றே தளர்த்தியதும் சக்கரங்கள் விடுபட்டால் காரணம் அதுவே. பெடலருகே உள்ள பிரேக் லைட் சுவிட்சைத் தொட்டிருந்தால், அது பெடலை முழுவதும் எழவிடாமல் தாங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

காலிபர் பின்களில் எந்த கிரீஸ் தடவினீர்கள் என்பதும் ஜாமுக்கு விடை சொல்லும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ், பின்னைச் சூழ்ந்துள்ள ரப்பரை ஊதவைத்துவிடும். சில வாரங்களில் பின் நகர்வது நின்றுவிடும். பிரேக்குக்கு என்றே விற்கப்படும் சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும்.

‘ஆயில்’ என்ற பெயரால் வரும் கேடு

நாம் எல்லோரும் பிரேக் ஆயில் என்றே சொல்கிறோம், நானும் இந்தக் கட்டுரை முழுவதும் அப்படியே எழுதிவருகிறேன். ஆனால் அது எண்ணெயே அல்ல. நம் கார்களில் பயன்படும் டாட் 3, டாட் 4 ஆகியவை கிளைகால் வகையைச் சேர்ந்த திரவங்கள். பிரேக்கின் ரப்பர் சீல்கள் அதற்கேற்பச் செய்யப்பட்டவை. பெயரை நம்பி, டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதே என்று எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ சிறிதளவு ஊற்றினாலும் அந்த ரப்பர்கள் ஊதிப்போகும். டப்பா மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பி, திரும்ப மூட முடியாமல் பெரிதாகிவிட்டதா என்று பாருங்கள். அதுதான் முதல் சாட்சி. அப்படியானால் ஆயிலை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ்கள், காலிபர், வீல் சிலிண்டர் வரை ரப்பர் உள்ள ஒவ்வொன்றையும் மாற்றி, இரும்புப் பைப்புகளைக் கழுவியாக வேண்டும். இது வீட்டில் முடிக்கும் வேலை அல்ல, வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போவதும் கூடாது. இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

கிளைகால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3-இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டும். ஈரம் ஊறிய நிலைக்கு விதிக்கப்பட்ட அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இவை முறையே 230, 155. நம் கடற்கரை ஊர்களின் காற்றில், திறந்து வைத்த பாதிப் புட்டி எத்தனை விரைவாக ஈரம் ஏற்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். போன ஆண்டு திறந்த புட்டியிலிருந்து ஊற்றி ஏர் எடுத்தவருக்கு, ஊருக்குள் ஓட்டும்வரை எந்தக் குறையும் தெரியாது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், ஆயிலில் ஊறிய ஈரம் ஆவியாகி, பாதி மலையில் பெடல் பஞ்சாகும். ஆகவே முத்திரை உடையாத புட்டியை மட்டுமே பயன்படுத்துங்கள். நிப்பிளிலிருந்து வெளியே வந்ததை மீண்டும் டப்பாவில் ஊற்றாதீர்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. பெயிண்டின்மேல் சிந்தியதை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். துணியால் துடைத்தால் மட்டும் போதாது.

இழுப்பு, ஒலி, அதிர்வு

பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு, இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கச் சக்கரம் சரியாகப் பிடிக்காததே பெரும்பாலும் காரணம். டயர்களின் காற்றழுத்தத்தை முதலில் சமப்படுத்திவிட்டு, பிடிக்காத பக்கத்தின் பின்களையும் பேடையும் பாருங்கள். கிறீச்சென்ற ஒலி, பேடுகளைத் தாங்கும் சிறு ஸ்பிரிங் தகடுகளைத் திரும்பப் போடாததாலும் வரலாம்; அவை வெறும் அலங்காரமல்ல. பெடலும் ஸ்டீயரிங்கும் அதிர்ந்தால், டிஸ்க்குக்கும், அது பொருந்தி நிற்கும் சக்கர ஹப்புக்கும் இடையில் துரு சிக்கியிருக்கக்கூடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு டிஸ்க் கோணலாக நின்றாலே கால் அதை உணரும் என்பதால், ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்த பிறகே டிஸ்க்கை மாட்ட வேண்டும். சக்கர நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

டிரம்முக்குள் இருக்கும் கரும்பொடியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ சுத்தம் செய்யாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ நனைத்துத் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள்.

சாலைக்கு எடுப்பது

பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் நின்று, எஞ்சின் ஓடும்போது ஒரு நிமிடம் அழுத்தியும் தரையை நோக்கித் தொடர்ந்து இறங்காமல், நான்கு சக்கரங்களும் தூக்கிய நிலையில் தடையின்றிச் சுற்றி, எந்த இணைப்பிலும் ஈரம் இல்லாமல் இருந்தால் மட்டுமே வண்டியை நகர்த்தலாம். முதல் சில மீட்டர்களை நடக்கும் வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கின்மேல் ஒரு கை இருக்கட்டும். அதன்பின் வாகனமும் ஆட்களும் இல்லாத நேரான சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பிரேக் பிடித்துக் குறைத்து, மீண்டும் வேகமெடுப்பதை எட்டுப் பத்து முறை செய்தால் புதிய பேடு டிஸ்க்கோடு படிந்துவிடும். ஒவ்வொரு முறைக்கும் இடையே ஆற அவகாசம் கொடுங்கள். சூடாக இருக்கும்போது வண்டியை முழுவதும் நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே நிற்க வேண்டாம். சிவப்புப் பிரேக் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்துங்கள். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால், சக்கரத்தருகே செல்லும் சென்சார் ஒயரை வேலையின்போது கழற்றியோ இழுத்தோ விட்டீர்களா என்று பாருங்கள்.

திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டிச் சூட்டை ஒப்பிடுங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும், பின்சக்கரங்களும் தமக்குள் அப்படியே. அன்றிரவு நான்கு சக்கரங்களின் கீழும் பழைய செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டு, மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் தாளையும் டப்பாவின் அளவையும் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மீண்டும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சோதித்து, டப்பாவில் அளவு மாறவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்ட பிறகே வீட்டாரை ஏற்றிக்கொண்டு வெளியூர் கிளம்புங்கள்.